அத்தியாயம் 6: வினைச்சொல்லில் விரல் வையுங்கள்

சரிபார்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் ஒரு நடுப்பக்கக் கட்டுரையைக் கொடுத்தால் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் வரும்: “இது அவரோட கருத்துதானே சார், இதுல நாம பார்க்க என்ன இருக்கு?” கேள்வியில் நியாயம் உண்டு. கருக்கலைப்பு உரிமையா பாவமா என்று முடிவுசெய்ய யாரும் நமக்குச் சம்பளம் தரவில்லை. ஆனால் எந்தக் கருத்தும் அந்தரத்தில் நிற்பதில்லை. “இந்த நீதிபதி பெண்களுக்கு எதிரானவர்” என்பது எழுதியவரின் சொத்து. அடுத்த வரியில் “1991இல் அவர் இப்படித் தீர்ப்பெழுதினார்” என்று வந்துவிட்டால் அந்த வரி நம் மேசைக்கு வந்துவிட்டது.

இந்த அத்தியாயத்துக்கு அமெரிக்காவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே கருக்கலைப்புச் சட்டமும் உச்ச நீதிமன்ற நீதிபதி நியமனமும் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒரு நீதிபதியின் இடம் காலியானால் போதும், இரண்டு தரப்புப் பத்தி எழுத்தாளர்களும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நமக்குச் சாதகமான விஷயம், மூல ஆவணங்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன: தீர்ப்புகள், செனட் விசாரணையின் சொல்லுக்குச் சொல்லான பதிவுகள், யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல். தவறு செய்தால் சாக்குச் சொல்ல முடியாது. அந்தக் கட்டுரைகளின் மொழிபெயர்ப்புகளும் சுருக்கங்களும் நம் நடுப்பக்கங்களுக்கும் வருகின்றன. அங்கே விழுந்த பிழை மொழிபெயர்ப்பில் இன்னொரு சுற்றுப் பெருக்கும்.

முதல் வாசிப்பில் பெயர்களையும் தேதிகளையும் தேடாதீர்கள். அவை எப்படியும் கண்ணில் படும். பென்சிலை எடுத்து வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். தமிழில் வினை வாக்கியக் கடைசியில் வந்து உட்காருவது நமக்கு வசதி. இந்தத் துறையில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன. பெயர் சரி, ஆண்டு சரி, வழக்கு சரி. நீதிமன்றம் செய்தது ஒன்று, வினைச்சொல் சொல்வது வேறொன்று.

அனுமதியா, அறிவிப்பா?

2005 அக்டோபர் 31 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், சாமுவேல் அலிட்டோவை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். அடுத்த சில வாரங்கள் கருத்துப் பக்கங்களில் ஒரு பழைய வழக்கு திரும்பத் திரும்ப வந்தது. அலிட்டோ மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது 1991இல் அவர் முன் வந்த பென்சில்வேனியா மாநிலச் சட்டம் பற்றிய வழக்கு அது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் போய், பிளான்ட் பேரண்ட்ஹுட் எதிர் கேசி என்ற பெயரில் புகழ்பெற்றது. இப்படி ஒரு வாக்கியம் உங்கள் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: “கருக்கலைப்புக்கு மனைவி கணவனின் அனுமதியைப் பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தவர் அலிட்டோ.”

வினைகள் இரண்டு: பெற வேண்டும், தீர்ப்பளித்தவர். இரண்டிலும் கோளாறு.

சட்டப் பிரிவை எடுத்துப் படித்தால் அங்கே அனுமதி இல்லை, அறிவிப்புதான் இருக்கிறது. கணவனிடம் சொல்லிவிட்டேன் என்று மணமான பெண் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதற்கும் விலக்குகள் உண்டு: கருவுக்குக் கணவன் தந்தையாக இல்லாதபோது, அவனைக் கண்டுபிடிக்க முடியாதபோது, கணவனின் பாலியல் வன்முறையால் உண்டான கரு என்று காவல்துறையிடம் புகார் தரப்பட்டிருக்கும்போது, சொன்னால் தன் உடலுக்குத் தீங்கு வரும் என்று அவள் நம்பும்போது. சட்டத்தின் கண்ணில் இந்த வேறுபாடு சின்னதல்ல. கணவனின் சம்மதத்தைக் கட்டாயமாக்கிய மிசௌரிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1976லேயே செல்லாதென்று சொல்லிவிட்டது. அறிவிப்பு பற்றிய கேள்வி அதன் பிறகும் திறந்திருந்தது. அதனால்தான் பென்சில்வேனியா அந்த வழியைப் பிடித்தது.

இரண்டாவது, அலிட்டோ “தீர்ப்பளிக்கவில்லை”. மூவர் அமர்வில் மற்ற இருவரும் அறிவிப்புப் பிரிவைச் செல்லாதென்று சொன்னார்கள். அவர் அந்த ஒரு பிரிவில் மட்டும் மாறுபட்டு, அது செல்லும் என்று எழுதினார். மாறுபட்ட தீர்ப்புரை யாரையும் கட்டுப்படுத்தாது. 1992இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பிரிவை 5-4 என்ற கணக்கில் தள்ளியது. தள்ளியவர்களில் ஒருவர் சான்ட்ரா டே ஓ’கானர். அவர் முந்தைய தீர்ப்புகளில் வகுத்த அளவுகோலைத்தான் பின்பற்றுகிறேன் என்று அலிட்டோ எழுதியிருந்தார். 2005இல் அவர் பரிந்துரைக்கப்பட்டதும் அந்த ஓ’கானரின் இடத்துக்குத்தான். பத்தி எழுத்தாளர்களுக்கு அது விருந்தாக இருந்ததில் வியப்பில்லை.

ஆக, திருத்தம் என்ன? “மணமான பெண் கருக்கலைப்புக்கு முன் கணவனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற, விலக்குகள் கொண்ட பிரிவு செல்லும் என்று மாறுபட்டு எழுதியவர்.” எழுதியவர் முகம் சுளிப்பார். “வேகம் போயிடுச்சே!” என்பார். உண்மைதான், கொஞ்சம் போய்விட்டது. ஆனால் அவருடைய வாதம் சாகவில்லை. அடிவாங்கும் வீட்டில் வாழும் பெண்ணுக்கு அறிவிப்பே அனுமதிக்குச் சமம் என்று அவர் வாதிடலாம்; உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மையும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. அதை அவர் வாதமாக எழுதட்டும். சட்டம் அப்படிச் சொன்னது என்று எழுதக் கூடாது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்புக் கட்டுரைக்கும் இதே பென்சில்தான். அலிட்டோவுக்கு ஆதரவாக எழுதியவர்கள், அவருக்குக் கருக்கலைப்பு பற்றித் தனிக் கருத்தே இல்லை, முன்தீர்ப்பைப் பின்பற்றும் கைவினைஞர் என்ற தோற்றத்தைத் தர விரும்பினார்கள். சான்றும் காட்டினார்கள்: நியூஜெர்சியின் கருக்கலைப்புத் தடைச் சட்டம் ஒன்றைத் தள்ளிய அமர்வில் 2000இல் அவரும் இருந்து உடன்பட்டார். உண்மை. ஆனால் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நெப்ராஸ்கா வழக்கில் அப்படித் தீர்ப்பளித்துவிட்டதால், கீழ் நீதிபதியான அவருக்கு வேறு வழி இல்லை. 1985இல் ரீகன் அரசில் பதவி உயர்வு கேட்டு எழுதிய விண்ணப்பத்திலோ, கருக்கலைப்புக்கு அரசமைப்பு உரிமை தரவில்லை என்று அரசுக்காக வாதாட உதவியதில் பெருமை கொள்வதாக அவரே குறிப்பிட்டிருந்தார். அந்தத் தாள் 2005 நவம்பரில் வெளியானது. அதற்குப் பிறகு வந்த கட்டுரை அதைத் தொடாமல் “தனிக் கருத்தே இல்லை” என்று எழுதினால் நீங்கள் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும். விடுபட்டதும் பிழைதான். இதை நிரூபிப்பது கடினம், எழுதியவரோடு சண்டை வரும், பரவாயில்லை.

தடை, ரத்து, திருப்பி அனுப்புதல்

2022 ஜூன் 24 அன்று இரவு நான் வேலைபார்த்த நாளிதழில் “அமெரிக்காவில் கருக்கலைப்புக்குத் தடை” என்று தலைப்புப் போனது. தலைப்பைப் பார்த்து அனுப்பியவன் நான்தான். மறுநாள் காலை ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “எந்த நீதிமன்றம் தம்பி தடை போட்டது?” என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. டாப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எதையும் தடைசெய்யவில்லை. கருக்கலைப்புக்கு அரசமைப்பு தரும் பாதுகாப்பு என்று ஒன்று இல்லை என்று சொல்லி, முடிவை மாநிலங்களுக்கு விட்டது. சில மாநிலங்களில் அன்றே தடை உயிர்பெற்றது; கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் கருக்கலைப்பு சட்டப்படியே தொடர்ந்தது. கான்சாஸ் வாக்காளர்கள் ஆகஸ்ட் 2 அன்று, மாநில அரசமைப்பிலிருந்து அந்த உரிமையை நீக்கும் திருத்தத்தைத் தோற்கடித்தார்கள்.

அந்தத் தீர்ப்பின் வாக்குக் கணக்கே ஒரு பொறி. 6-3 என்று எழுதுவார்கள், 5-4 என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி, எதற்கு எது என்று சொன்னால். பதினைந்து வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடுக்கும் மிசிசிப்பிச் சட்டம் செல்லும் என்றவர்கள் ஆறு பேர். கருக்கலைப்பை அரசமைப்பு உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பையே கவிழ்க்க வேண்டும் என்றவர்கள் ஐந்து பேர். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் முதலதற்கு உடன்பட்டார், இரண்டாவது இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று தனியே எழுதினார். “ரோவை 6-3 என்று கவிழ்த்தார்கள்” என்ற வரி வந்தால் வெட்டுங்கள்.

ரோவிலும் இப்படித்தான். 1973 ஜனவரி 22, 7-2. முதல் மும்மாதத்தில் முடிவு பெண்ணுக்கும் அவள் மருத்துவருக்கும் உரியது. அடுத்ததில் தாயின் உடல்நலம் கருதி மாநிலம் ஒழுங்குபடுத்தலாம். கரு வெளியே உயிர்பிழைக்கும் நிலையை எட்டிய பிறகு, தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ தேவையான சமயம் தவிர, மாநிலம் தடையே செய்யலாம். “பிரசவ நாள்வரை எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்றது ரோ” என்று எழுதுகிறவர் இந்த மூன்றாவது பகுதியை விழுங்கிவிடுகிறார். “உடல்நலம்” என்ற சொல்லுக்கு அன்றே வெளியான டோ எதிர் போல்ட்டன் தீர்ப்பு அகலமான பொருள் தந்தது, அதனால் நடைமுறையில் கட்டுப்பாடு வலுவிழந்தது என்று அவர் வாதிடலாம். அது விவாதத்துக்குரிய வாதம். ரோ சொன்ன சொல் அல்ல. இன்னொரு பக்கம், “ரோவின் மும்மாத ஏற்பாடு 49 ஆண்டு நீடித்தது” என்பதும் தவறு. 1992இல் கேசி தீர்ப்பு அதை எடுத்துவிட்டு, பெண்ணின் மேல் மிகையான சுமை விழுகிறதா என்ற அளவுகோலை வைத்தது. 24 மணி நேரக் காத்திருப்பை அப்படித்தான் அனுமதித்தது.

இங்கே நம் ஊருக்கு ஒரு சொல். டாப்ஸ் வந்த வாரத்தில் “இந்தியப் பெண்களுக்கு இந்த உரிமை 1971 முதலே உண்டு” என்று பெருமையோடு எழுதப்பட்ட கட்டுரைகளைப் படித்தேன். சட்டம் 1971இல் வந்தது உண்மை. ஆனால் அது எழுதப்பட்டிருக்கும் விதம், பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் கருவைக் கலைக்கலாம், அது குற்றமாகாது என்பது. தீர்மானிக்கும் வினைக்கு எழுவாய் மருத்துவர். ஒப்பிடும்போது யார் எழுவாய் என்று பாருங்கள்.

நிராகரித்தார்களா, தொடவே இல்லையா?

நம் வாசகருக்கு நீதிபதி நியமனம் என்றால் கொலீஜியம். அமெரிக்காவில் அதிபர் பரிந்துரைப்பார், செனட் வாக்களித்து உறுதிசெய்யும், அதன் பிறகே நியமனம். “டிரம்ப் நியமித்தார்” என்று தலைப்பில் சுருக்கினால் மன்னிக்கலாம். வாக்கெடுப்புக்கு முன்பே அப்படி எழுதினால் மன்னிக்க முடியாது.

மெர்ரிக் கார்லண்டை ஒபாமா 2016 மார்ச் 16 அன்று பரிந்துரைத்தார். செனட் அவரை “நிராகரித்தது” என்று வருடம் தவறாமல் யாராவது எழுதுகிறார்கள். நிராகரிக்கவில்லை. விசாரணையும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. 2017 ஜனவரி 3 அன்று அந்த செனட்டின் காலம் முடிந்தபோது பரிந்துரையும் தானாகக் காலாவதியானது. ராபர்ட் போர்க் கதை நேர்மாறு. ரீகன் பரிந்துரைத்த அவரை வாக்கெடுப்புக்கே விடாமல் முடக்கினார்கள் என்பது போல எழுதப்படும். அவருக்கு நீண்ட விசாரணை நடந்தது, 1987 அக்டோபர் 23 அன்று முழு செனட்டும் வாக்களித்தது, 42-58 என்று தோற்றார். எதிர்த்தவர்களில் 6 பேர் அவருடைய சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியினர். அவர்மேல் வீசப்பட்ட பிரச்சாரம் நியாயமா என்பது கருத்து. வாக்கு நடந்தது என்பது பதிவு.

“வரலாற்றிலேயே முதல்முறை” என்ற தொடர் வந்தால் எனக்கு மூக்கில் வியர்க்கும். 2005 வாக்கில், நீதிபதி பரிந்துரையைப் பேசிப்பேசி இழுத்தடிக்கும் பிலிபஸ்டர் உத்தியை அதற்கு முன் யாரும் கையாண்டதே இல்லை என்று பலர் எழுதினார்கள். 1968இல் ஏப் ஃபோர்டஸைத் தலைமை நீதிபதியாக்க லிண்டன் ஜான்சன் முயன்றபோது, விவாதத்தை முடிக்கக் கொண்டுவந்த தீர்மானம் 45-43 என்று போதிய வாக்கின்றி நின்றது. பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. “தேர்தல் ஆண்டில் யாரையும் உறுதிசெய்ததில்லை” என்று 2016இல் எழுதினார்கள். ஆந்தனி கென்னடி 97-0 என்று உறுதிசெய்யப்பட்டது 1988 பிப்ரவரி 3, தேர்தல் ஆண்டு. உடனே மறுப்பு வரும்: இடம் காலியானது முந்தைய ஆண்டு, பரிந்துரைத்ததும் முந்தைய ஆண்டு நவம்பரில். அதுவும் சரி. ஆகவே ஒரே தேதியைப் பார்த்து நிறுத்தாதீர்கள். காலியானது, பரிந்துரைத்தது, உறுதிசெய்தது என்று மூன்று தேதிகளைத் தாளில் எழுதிவிட்டு, கட்டுரையின் வினைச்சொல் எதைப் பேசுகிறது என்று பாருங்கள்.

தேதி மூன்றும் சரியாக இருந்தும் வாக்கியம் பொய்யாகலாம். இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ஒரு மேடை விவாதத்திலிருந்து வருவது. கருத்துக் கட்டுரைகள் அதை அப்படியே வாங்கிப் போட்டன. சொன்னவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாய் சென்னையைச் சேர்ந்தவர் என்பதால் நம் பத்திரிகைகள் அந்த விவாதத்தை வரிவரியாகக் கவனித்தன. 2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். ஏமி கோனி பேரட்டைத் தேர்தலுக்கு முன்பே அந்த இடத்தில் அமர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 7 அன்று துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் ஹாரிஸ் ஆபிரகாம் லிங்கனை இழுத்தார். 1864இல் தேர்தலுக்கு 27 நாள் முன்பு தலைமை நீதிபதி இறந்தார்; செனட் லிங்கன் கட்சியின் கையில் இருந்தும் அவர் பொறுத்திருந்தார்; மக்கள் தேர்ந்தெடுக்கப் போகும் அதிபரே அந்த இடத்தை நிரப்பட்டும், அதுதான் முறை என்று லிங்கன் சொன்னார் என்பது ஹாரிஸின் கதை.

சரிபார்ப்போம். தலைமை நீதிபதி ராஜர் டேனி இறந்தது 1864 அக்டோபர் 12. தேர்தல் நவம்பர் 8. எண்ணிப் பாருங்கள், 27 நாள். லிங்கன் தேர்தலுக்கு முன் யாரையும் பரிந்துரைக்கவில்லை, அதுவும் உண்மை. இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடத் தோன்றும். எத்தனையோ பேர் வைத்துவிட்டார்கள். ஆனால் “சொன்னார்” என்ற வினை பாக்கி இருக்கிறது. லிங்கன் அப்படிச் சொன்னதற்குச் சான்று இல்லை என்பதை லிங்கனை ஆராய்ந்த வரலாற்றாளர்கள் உடனே எடுத்துக்காட்டினார்கள். செனட் அப்போது கூட்டத்தொடரில் இல்லை. பதவிக்கு ஆசைப்பட்ட தலைவர்கள் பலர் தேர்தல் முடியும்வரை தனக்காக உழைக்கட்டும் என்ற கணக்கும் லிங்கனுக்கு இருந்தது. செனட் டிசம்பரில் கூடியதும் 6ஆம் தேதி சால்மன் சேஸைப் பரிந்துரைத்தார், அன்றே உறுதிசெய்துவிட்டார்கள். நடந்ததைச் சொல்லும் வாக்கியத்தைவிட ‘ஏன் நடந்தது’ என்று சொல்லும் வாக்கியத்தை இரண்டு மடங்கு சந்தேகியுங்கள்.

(பேரட் அக்டோபர் 26 அன்று 52-48 என்று உறுதிசெய்யப்பட்டார். தேர்தலுக்கு எட்டு நாள் இருந்தது. இது பற்றி எழுத லிங்கனின் துணை தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.)

விசாரணையில் சொன்னதும் சொல்லாததும்

டாப்ஸுக்குப் பிறகு அதிகம் எழுதப்பட்ட வாக்கியம்: “ரோவைக் கவிழ்க்க மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுக் கவிழ்த்தார்கள்.” டிரம்ப் பரிந்துரைத்த மூவரைப் பற்றியது. மூவரின் செனட் விசாரணைப் பதிவும் கிடைக்கிறது. ஒரு மாலை செலவழித்தால் தேடிவிடலாம். நீல் கோர்சச் 2017இல் ரோ நீதிமன்றத்தின் முன்தீர்ப்பு என்றார். பிரெட் கவனா 2018இல் அது பலமுறை உறுதிசெய்யப்பட்ட முக்கிய முன்தீர்ப்பு என்றும், கேசி முன்தீர்ப்பின் மேல் ஏறிய முன்தீர்ப்பு என்றும் விளக்கினார். பேரட் 2020இல், யாருமே கேள்வி கேட்காத அளவுக்கு நிலைபெற்ற தீர்ப்புகளின் வரிசையில் ரோவைச் சேர்க்க மறுத்தார். கவிழ்க்க மாட்டேன் என்ற வாக்குறுதி மூவரின் வாயிலிருந்தும் வரவில்லை. ஆகவே “சத்தியம் செய்தார்கள்” விழுகிறது. “செனட்டை நம்பவைக்கும்படி பேசினார்கள்” என்பது நிற்கலாம். கவனாவுக்கு வாக்களித்த சூசன் காலின்ஸும் ஜோ மான்சினும் தாங்கள் தவறாக நம்பவைக்கப்பட்டதாகப் பிறகு சொன்னார்கள். அதே சமயம், ரோவைக் கவிழ்க்கும் நீதிபதிகளைத்தான் போடுவேன் என்று டிரம்ப் 2016 விவாத மேடையில் வெளிப்படையாகவே பேசியிருந்தார். ஏமாற்றம் யாருடையது என்று எழுதியவர் தீர்மானிக்கட்டும்.

கின்ஸ்பர்க் பற்றி இரண்டு தரப்பும் ஆளுக்கொரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்கின்றன. “கின்ஸ்பர்க்கே ரோவை எதிர்த்தவர்” என்று ஒரு பக்கம். அவர் குறைசொன்னது தீர்ப்பு எட்டிய வேகத்தையும் அகலத்தையும், அந்தரங்க உரிமையை மட்டும் சார்ந்து சமத்துவத்தை விட்டுவிட்டதையும், உரிமையை அல்ல. “வழக்கு பற்றி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருப்பதே கின்ஸ்பர்க் வகுத்த முறை” என்பது இன்னொரு கட்டுரை. 1993 விசாரணையில் பல கேள்விகளை அவர் தவிர்த்தது உண்மை. ஆனால் கருக்கலைப்பு பற்றிக் கேட்டபோது தவிர்க்கவில்லை; அந்த முடிவு பெண்ணின் வாழ்வுக்கும் கண்ணியத்துக்கும் மையமானது என்று நேராகவே பேசினார்.

தேதி வரிசை மாறிய ஒரு வழக்கையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த ராபர்ட்ஸுக்கு எதிராகக் கருக்கலைப்பு உரிமை அமைப்பான நாரல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. குண்டுவெடித்த மருத்துவமனைக் காட்சியோடு, வன்முறைக் கும்பல்களுக்கு ஆதரவாக அவர் மனு தாக்கல் செய்தார் என்றது. மனு 1991இல் அரசின் சார்பில் போட்டது. மருத்துவமனை வாசலை மறிப்பவர்கள் மேல் 1871ஆம் ஆண்டின் ஒரு கூட்டாட்சிச் சட்டம் பாயுமா என்ற கேள்வி பற்றியது. குண்டு வெடித்தது 1998. ஃபேக்ட்செக் என்ற சரிபார்ப்பு அமைப்பு விளம்பரம் பொய் என்றது. சில நாளில் நாரல் அதைத் திரும்பப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், ரோ தவறு, கவிழ்க்கப்பட வேண்டும் என்று சொன்ன 1990ஆம் ஆண்டின் அரசு மனுவிலும் ராபர்ட்ஸின் பெயர் இருந்தது. அதை மட்டும் காட்டியிருந்தாலே போதும்.

எண்கள்

2020இல் அமெரிக்காவில் நடந்த கருக்கலைப்புகள் எத்தனை? 6,20,327 என்று ஒரு கட்டுரை, 9,30,160 என்று இன்னொன்று. இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாவது அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தருவது. மாநிலங்கள் விரும்பினால் அனுப்பலாம், அந்த ஆண்டு கலிபோர்னியா, மேரிலாந்து, நியூ ஹாம்ப்ஷயர் அனுப்பவில்லை. இரண்டாவது குட்மேக்கர் நிறுவனம் மருத்துவமனைகளையே கேட்டு எண்ணியது. பிழை எங்கே வரும் என்றால், ஒரு ஆண்டுக்கு ஒருவர் எண்ணையும் அடுத்த ஆண்டுக்கு மற்றவர் எண்ணையும் வைத்து “குறைந்தது”, “கூடியது” என்று எழுதும்போது.

பழைய எண்களில் இன்னும் கவனம் தேவை. “ரோவுக்கு முன் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் சட்டவிரோதக் கருக்கலைப்பில் செத்தார்கள்” என்பது 2019இலும் பெரிய தலைவர்கள் வாயில் வந்தது. வாஷிங்டன் போஸ்ட்டின் சரிபார்ப்புப் பத்தி அதைக் கடுமையாகத் தள்ளியது. அந்த ஆயிரங்களின் வேர் 1930களில் டாக்டர் ஃபிரெடெரிக் டாசிக் செய்த மதிப்பீடு. பெனிசிலின் மருந்து புழக்கத்துக்கு வராத காலம். 1972க்கு அரசு பதிவில் இருப்பது 39 சாவு. பதிவில் வராதவை இருந்திருக்கும், அதை எழுதலாம். 1930களின் எண்ணை 1972இன் மேல் ஒட்டக் கூடாது. முப்பத்தொன்பது பெண்கள் போதாதா என்று கேட்கும் கட்டுரையை நான் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் விடுவேன்.

மூல ஆவணம் என்று நச்சரிப்பதற்குக் காரணம் உண்டு. 2006 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழ் எல் சால்வடாரின் கருக்கலைப்புத் தடை பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. கருவைக் கலைத்ததற்காக ஒரு பெண் முப்பது ஆண்டு சிறையில் இருப்பதாக அதில் வந்தது. அந்தப் பத்திரிகையின் வாசகர் சார்பாளர் பைரன் கேலம் நீதிமன்ற ஆவணத்தை வரவழைத்துப் படித்தபோது, நிறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கொன்றதாகத் தீர்ப்பு இருந்தது. தீர்ப்பு நியாயமானதா என்பது வேறு சண்டை. கட்டுரையாளர் அந்த ஆவணத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் டிசம்பர் 31 அன்று கேலம் எழுதிய பத்தியின் சாரம். எட்டு மாதம் ஆனது. இத்தனைக்கும் அது கருத்துக் கட்டுரை அல்ல, செய்திக் கட்டுரை. கருத்துப் பக்கத்துக்கு அந்தக் காவல்கூட இருப்பதில்லை.

தொடக்கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஆரூடம். 1990இல் டேவிட் சூட்டர் வந்தால் பெண்கள் சாவார்கள் என்று பெண்ணுரிமை அமைப்புகள் தெருவில் இறங்கின. இரண்டே ஆண்டில் கேசியில் ரோவின் மையத்தைக் காப்பாற்றிய மூவரில் ஒருவர் அந்த சூட்டர். ஆரூடத்தை வெட்ட நமக்கு அதிகாரம் இல்லை, அது ஆரூடம் என்று வாசகருக்குத் தெரியும்படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். “கட்சி பார்த்துத்தான் தீர்ப்பு வரும்” என்று எழுதுகிறவர்களுக்கு, ரோவுக்கு ஆதரவான ஏழு பேரில் ஐவர் குடியரசுக் கட்சி அதிபர்கள் போட்டவர்கள், எதிர்த்த இருவரில் பைரன் வைட், ஜனநாயகக் கட்சி அதிபர் கென்னடி போட்டவர் என்று ஓரத்தில் எழுதி அனுப்புவேன். பெரும்பாலும் பதில் வராது.

பக்கம் போக நாற்பது நிமிடம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. முதலில் மேற்கோள்கள். அடுத்து “முதல்முறை”, “ஒருபோதும்”, “எல்லோரும்”. அதன் பிறகு நீதிமன்றத்தை எழுவாயாகக் கொண்ட வினைகள்: தடைசெய்தது, அனுமதித்தது, ரத்துசெய்தது, மறுத்தது. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பின் முதல் சில பக்கங்களில் இருக்கும் சுருக்கத்தைப் பாருங்கள். அந்தச் சுருக்கம் தீர்ப்பின் பகுதி அல்ல, ஆனாலும் நாற்பது நிமிடத்துக்கு அதுதான் கைகொடுக்கும். கேள்வியை எழுதியவருக்கு அனுப்பும்போது “இது தவறு” என்று எழுதாதீர்கள். “சட்டப் பிரிவில் ‘தெரிவிக்க’ என்று இருக்கிறது, நீங்கள் ‘அனுமதி’ என்று எழுதியிருக்கிறீர்கள், வேறு ஆவணம் வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் பதில் வரவில்லையென்றால், அந்த வரியை எடுத்துவிட்டுப் பக்கத்தை அனுப்புங்கள். எடுத்ததை ஆசிரியரிடமும் எழுதியவரிடமும் அன்றிரவே சொல்லிவிடுங்கள்.